கலெக்டருக்கு ஊசி

ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை என்பது ஆரோக்கியம்மாளின் கட்சி. கடலூர் முதுநகரில் அந்தக் கட்சிக்கு ஆள்பலம் அதிகம், தலைவி அவள்தான். நாடி பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, கடைசியில் வெறும் மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுக்கிற டாக்டரை அவள் நம்ப மாட்டாள். எழுந்து போகாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு, "ஊசி ஒன்னும் இல்லீங்களா சார்?" என்று கேட்பாள். தேவையில்லை என்று சொன்னால், "வந்தது வந்துட்டேன், ஒன்னு போட்டுடுங்களேன்" என்பாள். எதற்கு வம்பு என்று ஒரு சத்து ஊசியைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அவளும் வீடு போய்ச் சேருவதற்குள் பாதி குணமாகிவிடுவாள்.

இரண்டாயிரத்து ஆறில் சிக்குன்குனியா வந்து ஊரே முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதும், ஊசிதான் தன்னை எழுப்பி நிறுத்தியது என்று அவள் அடித்துச் சொல்வாள். அப்போது பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அண்டாவை இறக்க முடியவில்லை, கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் போன பிறகும் வலி போகாமல் மாதக்கணக்கில் மூட்டு மூட்டாகக் குடியிருந்தது. "புள்ள பெத்த வலி மறந்துபூடும். இது எலும்புல எழுதி வெச்சிட்டுப் போற வலி" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னாள்.

வேலையில் இருந்த காலமெல்லாம் அவள் கை அள்ளிப் போட்டே பழகிய கை. பிள்ளைகள் போதும் என்றாலும் இன்னொரு கரண்டி விழும். அவள் சமைத்த பள்ளிக்கூடத்தில் ஒல்லியாகச் சேர்ந்த பிள்ளை ஒல்லியாகவே வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கைக்கு மிஞ்சியது ஒரே ஒரு வாய்தான். அது கலெக்டரின் வாய்.

கலெக்டர் என்றால் நாய். செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும், நாட்டு நாய். அதற்கு அந்தப் பேர் வந்ததற்குக் காரணமே ஆரோக்கியம்மாளின் நச்சரிப்புதான். அவள் புருஷன் தங்கராசு துறைமுகத்தில் மூட்டை தூக்கினவன். மகள் பிரிசில்லா ஆறாவது படிக்கும்போது நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தான், எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து மகளைப் பார்க்கும்போதெல்லாம் ஆரோக்கியம்மாள் ஒரே பாட்டுதான் பாடினாள்: நீ படித்துக் கலெக்டராக வேண்டும், நம் வீட்டிலும் ஒரு கலெக்டர் வேண்டும். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன பிரிசில்லா ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது யூனிபார்ம் பாவாடையில் ஒரு குட்டியைச் சுருட்டி எடுத்து வந்து அம்மா மடியில் போட்டாள். "இந்தா, நீ கேட்ட கலெக்டர். இனிமே என்னைய வுட்டுடு."

பிரிசில்லா கலெக்டர் ஆகவில்லை. ஆனால் நன்றாகப் படித்தாள். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் நூலகராக வேலை கிடைத்தது. பள்ளிக்கூட வாத்தியார் அன்புமணியைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடித்தனம் போனாள். கலெக்டர் மட்டும் முதுநகரை விட்டு மாற்றல் ஆகாமல், தெருமுனையிலிருந்து மணிக்கூண்டு வரை தன் ஆட்சியை நடத்திவந்தது. "கலெக்டர் வர்றாரு, வழி வுடு" என்று மீன் விற்கிறவர்கள் கூடையை நகர்த்தி வைப்பார்கள். நகர்த்தாவிட்டால் கூடையில் ஒரு மீன் குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து எட்டு கார்த்திகையில் அடித்த மழையோடு அந்த ஆட்சிக்குக் கேடு வந்தது. ஈரம் வற்றாத சிமெண்டுத் தரையில் படுத்துக் கிடந்த கலெக்டர், ஒரு காலையில் எழுந்திருக்கப் பார்த்தது. முன்கால் இரண்டும் எழுந்தன, பின்கால் இரண்டும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, முனகிக்கொண்டே எழுந்து, நொண்டி நொண்டி வாசலுக்குப் போனது. மழை விட்டால் சரியாகிவிடும் என்று ஆரோக்கியம்மாள் நினைத்தாள். மழை விட்டது, மார்கழிப் பனி வந்தது, நொண்டல் ஜாஸ்தியானது. வாசல் படி ஏற முடியாமல் கீழேயே நின்று அவளைப் பார்க்கும். தூக்கிவிடப் போய் இடுப்பில் கை வைத்தபோது, பிறந்து வளர்ந்ததிலிருந்து இல்லாத வழக்கமாக அவளையே ஒருமுறை கடிக்க வந்துவிட்டது. பல் படவில்லை. ஆனால் அன்று முழுக்க அது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை. அதற்கே அவமானமாக இருந்தது போலிருக்கிறது.

அவள் தனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தாள். தைலம் தேய்த்தாள், நாய் அதை நக்கிவிட்டுத் தும்மித் தும்மி ஓய்ந்தது. வேலியோரம் படர்ந்திருந்த முடக்கத்தான் கீரையைப் பறித்து அரைத்துத் தோசை வார்த்துப் போட்டாள். தோசை போனது, வலி போகவில்லை. சிக்குன்குனியா காலத்தில் மிச்சமான வலி மாத்திரையில் ஒன்றைத் தோசையில் மடித்துக் கொடுத்தாள். அன்று சாயந்தரம் வரை வாந்தி எடுத்ததில் பயந்துபோய் மீதியைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். கடைசியில் உடம்பில் தெம்பு இல்லாததால்தான் எழுந்திருக்க முடியவில்லை என்ற முடிவுக்கு வந்தாள். தெம்புக்கு மருந்து அவள் கையிலேயே இருந்ததே. ஆட்டுக்கால் சூப், அவித்த முட்டை, குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு என்று வேளை தவறாமல் போட்டாள். மணிக்கூண்டு வரை நடந்து செரித்துக்கொண்டிருந்த உடம்பு, படுத்த இடத்திலேயே தின்று தின்று பூசணிக்காயாக ஆனது. நலிந்த காலின் மேல் அந்தப் பாரமும் சேர்ந்துகொண்டது அவளுக்குப் புரியவில்லை. பாசத்துக்குக் கண் இருக்கிறது, எடை பார்க்கத் தெரியாது.

பக்கத்து வீட்டுச் சபாபதி ஒருநாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். துறைமுகத்தில் தங்கராசுவோடு வேலை பார்த்தவர், தனிக்கட்டை. போன வருஷம் வரை ஜிம்மி என்று ஒரு வெள்ளை நாய் வைத்திருந்தார். அதற்கு வயிற்றில் கட்டி வந்து ஒன்றும் செய்ய முடியாமல் போனது.

"எங்க ஜிம்மிக்கு ஊசி போட்டுட்டேன், தங்கச்சி. வேற வழியில்ல. ஒரு நிமிசந்தான். வலி ஒன்னும் இல்ல. தூங்குற மாதிரியே போயிட்டான்" என்றார்.

"நான் ஒன்னும் கேக்கலியே, அண்ணே" என்றாள் ஆரோக்கியம்மாள்.

"சும்மா சொன்னேன்."

சும்மா சொன்ன சொல்தான். ஆனால் அது அவள் நெஞ்சில் போய்க் குத்திக்கொண்டு நின்றது. ஊசி என்ற சொல்லுக்கு இப்படி ஒரு அர்த்தம் இருப்பதை அவள் அன்றுதான் யோசித்தாள். மனுஷனுக்கு ஊசி போட்டால் பிழைக்கிறான். நாய்க்கு ஊசி போட்டால் தூங்குகிற மாதிரி போய்விடுகிறது. அன்று சோறு பிசையும்போது இன்னும் ஒரு முட்டையைச் சேர்த்துப் பிசைந்தாள்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தபோது பிரிசில்லா போன் பண்ணினாள். நாய் நொண்டுவதை அதற்கு முந்தின வாரம் ஆரோக்கியம்மாளே அவளிடம் சொல்லியிருந்தாள்.

"அம்மா, இங்க மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஒருத்தர், ஞானசேகரன்னு, சாயந்தரத்துல வீட்லயும் பாக்குறாரு. அவர்ட்ட எல்லாத்தையும் சொன்னேன். வயசாயிடுச்சி, இனிமே முழுசா குணமாவாது, போட்டு வதைக்காதீங்க, ஊசி போட்டுடலாம்னு சொல்றாரு. ஒரு நாள் தூக்கிட்டு வந்துடலாமா?"

ஆரோக்கியம்மாளுக்குச் சபாபதியின் ஜிம்மிதான் கண்முன் வந்தது. "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். எதற்கு ஊசி, என்ன ஊசி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும். அந்தப் பதிலைக் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. பாவாடையில் சுருட்டிக் கொண்டுவந்த பிள்ளையே இன்றைக்கு ஊசி போட்டுவிடலாம் என்கிறாளே என்று மனசு கொதித்தது. வாசலில் படுத்திருந்த கலெக்டர் அவள் வருவதைப் பார்த்து வாலை மட்டும் தரையில் இரண்டு தட்டுத் தட்டியது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் வுட மாட்டேன்டா" என்றாள்.

அன்றிலிருந்து போனில் பொய் ஆரம்பித்தது. இப்போது தேவலாம், எழுந்து நடக்கிறான் என்றாள். அடுத்த தடவை மணிக்கூண்டு வரை போய்விட்டு வந்தான் என்றாள். அதற்கு அடுத்த தடவை பூனையைத் துரத்திக்கொண்டு மதிலில் ஏறிவிட்டான் என்றாள். பொய் ஒரு தடவை நாக்கில் ஏறிவிட்டால் இறங்குமா? போனில் கலெக்டர் ஓடிக்கொண்டே இருந்தது. வாசலில் அது எழுந்து நிற்கவே பாடுபட்டது. எப்படிப் படுத்தாலும் வலித்தது போல, புரண்டு புரண்டு படுக்கும். கண்ணை மூடினாலும் பின்கால் நடுங்கிக்கொண்டே இருக்கும். தூங்கி அவள் பார்க்கவில்லை.

அந்த நடுக்கத்தை அவளால் பார்க்க முடியவில்லை. இந்த வலி என்ன வலி என்று அவளுக்குத் தெரியும். அவள் எலும்பில் எழுதி வைத்திருக்கிற வலி. சிக்குன்குனியாவில் கிடந்தபோது யாராவது வந்து, ஆரோக்கியம், உன்னை வதைக்காமல் அனுப்பி வைக்கிறோம் என்று சொல்லியிருந்தால் சரி என்று சொல்லியிருப்பாளோ? ஒரு மனசு, சொல்லியிருப்பாய் என்றது. உனக்குத் துணை வேண்டும் என்பதற்காக வாயில்லாத ஜீவனைப் பிடித்து வைத்துக்கொண்டு கஷ்டப்படுத்துகிறாய் என்றும் சொன்னது. அவள் அந்த மனசோடு பேசுவதை நிறுத்திவிட்டுக் கோழிக்கறி வாங்கப் போனாள்.

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்தப் பொய்யை உடைத்தது இரண்டு கால் உள்ள மருமகன். அன்புமணி கடலூரில் கல்வி அலுவலகத்துக்கு ஒரு வேலையாக வந்தவன், அத்தையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று முதுநகருக்கு வந்தான். அவன் செருப்புச் சத்தம் கேட்டுக் கலெக்டர் எழுந்திருக்க முயன்றதையும், முடியாமல் திரும்பச் சரிந்ததையும் பார்த்தான். நல்ல மருமகன் என்பதால் ஒன்றும் கேட்கவில்லை. காப்பி குடித்தான், போய்வருகிறேன் அத்தை என்றான், போனான். நல்ல புருஷனும்கூட என்பதால் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

சனிக்கிழமை சாயந்தரம் பிரிசில்லாவின் குரல் போனில் கறாராக வந்தது. "நாளைக்கிக் காலைல வேன் எடுத்துக்கிட்டு வர்றோம். கலெக்டரத் தூக்கிட்டுப் போறோம். டாக்டர்கிட்ட சொல்லியாச்சி. நீ ஒன்னும் பேசாத."

மறுநாள் காலை ஆரோக்கியம்மாள் கோயிலுக்குப் போகவில்லை. கோணிப்பையை விரித்து அதன்மேல் கலெக்டரை உருட்டிப் படுக்கவைத்து, ஒரு முனையைத் தானும் மறுமுனையைச் சபாபதியும் பிடித்து, வேலிச் சந்து வழியாக அவர் வீட்டுப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு பேருக்குமே முட்டி நல்ல நிலையில் இல்லை. பத்தடி இழுப்பார்கள், நிற்பார்கள். மூன்று பேரும் மூச்சு வாங்குவார்கள்.

"கலெக்டரக் கடத்துனா என்னா கேசு தெரியுமா, தங்கச்சி?" என்றார் சபாபதி.

"பேசாம இழுங்க அண்ணே."

அவள் திரும்பி வந்து முகம் கழுவிப் புடவை மாற்றி உட்கார்ந்தாள். ஒரு டப்பாவில் இட்லியும் அவித்த முட்டையும் எடுத்து வைத்தாள். வேன் போன பிறகு நாய்க்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று. சிறிது நேரத்தில் வேன் வந்து நின்றது. அன்புமணிதான் ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். பிரிசில்லா இறங்கினதும் கேட்டாள், "எங்கம்மா கலெக்டரு?"

"மார்க்கெட் பக்கம் போனான்."

"எழுந்திரிக்கவே முடியாதவன் மார்க்கெட்டுக்குப் போனானா?"

"காலைல கொஞ்சம் தேவலாம். போயிட்டான்."

பிரிசில்லா அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, பள்ளிக்கூடம் போகிற காலத்தில் தினமும் கூப்பிட்ட அதே குரலில், "கலெக்டரே, ஆபீசுக்கு நேரமாச்சி" என்று கூப்பிட்டாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு சபாபதி வீட்டுப் பின்கட்டில் ஏதோ தகரம் உருளும் சத்தம். "டேய், டேய், படுடா" என்று சபாபதியின் குரல். பிறகு வேலிச் சந்தில் செம்பட்டைத் தலை தெரிந்தது. கலெக்டர் வந்துகொண்டிருந்தது. முன்காலை ஊன்றிப் பின்காலை இழுத்து, நின்று, முனகி, திரும்ப இழுத்து, வால் மட்டும் விடாமல் ஆட்டிக்கொண்டு வந்தது. அந்தச் சந்து அவ்வளவு நீளம் என்று ஆரோக்கியம்மாளுக்கு அதுவரை தெரியாது. பிரிசில்லா ஓடிப்போய்த் தரையிலேயே உட்கார்ந்து அதன் தலையைக் கட்டிக்கொண்டாள். அழுதாள். அழுகையோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏம்மா இப்படிப் பண்ற? இவ்ளோ வலியோட இதப் போட்டு வெச்சிருக்கியே, உனக்கு மனசே இல்லியா?"

ஆரோக்கியம்மாளுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் உடைந்துகொண்டு வந்தது. "யாருக்குடி மனசு இல்ல? நீதான கொண்டாந்து மடியில போட்ட. நீயே கொல்லச் சொல்றியே. நான் குடுக்க மாட்டேன். நான் சாவுற வரைக்கும் அது இங்கதான் கெடக்கும்."

"யாரு கொல்லச் சொன்னது?"

"நீதான். ஊசி போட்டுடலாம்னு டாக்டரு சொன்னாருன்னு நீதான போன்ல சொன்ன."

பிரிசில்லாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ அம்மா. அது வலி ஊசிம்மா. மூட்டு வலிக்குப் போடுற ஊசி. உனக்குச் சிக்குன்குனியாவுக்குப் போட்டாங்களே, அந்த மாதிரி. வலியோட போட்டு வதைக்காதீங்க, ஊசி போட்டுக் கொறைக்கலாம்னுதான் சொன்னாரு."

வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த சபாபதி, "நானும் ஜிம்மிக்குப் போட்ட ஊசின்னுதான் நெனச்சேன்" என்றார். அன்புமணி திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்கியதைப் பார்த்தால் சிரிக்கிறான் என்று தெரிந்தது.

ஆரோக்கியம்மாள் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். வாழ்நாளெல்லாம் ஊசி, ஊசி என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டவள், ஒரே ஒரு ஊசிக்குப் பயந்து ஒரு மாதத்துக்குமேல் வாயில்லாத ஜீவனை வலியோடு போட்டு வைத்திருக்கிறாள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "சொல்றத வெளக்கமா சொல்ல மாட்டியாடி?" என்று மகளைத் திட்டினாள். திட்டியதில் கொஞ்சம் மூச்சு வந்தது.

வேனில் பின்சீட்டைக் கழற்றிவிட்டுக் கோணியை மடித்துப் போட்டுக் கலெக்டரைப் படுக்கவைத்தார்கள். பக்கத்தில் ஆரோக்கியம்மாள் டப்பாவோடு உட்கார்ந்துகொண்டாள். சிப்காட் தாண்டி, ஆலப்பாக்கம் தாண்டி, ஒவ்வொரு பள்ளத்திலும் நாய் முனகியது. ஒவ்வொரு முனகலுக்கும் அவள், "மாப்ள, மெதுவா" என்றாள். சிதம்பரம் வருவதற்குள் அன்புமணிக்கு அந்தச் சொல் மனப்பாடம் ஆகிவிட்டது.

டாக்டர் ஞானசேகரன் நாயின் கழுத்தைத் தடவி, காதைத் தடவி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே பின்காலை மெல்ல நீட்டிப் பார்த்தார். இடுப்பு மூட்டும் முழங்கால் மூட்டும் தேய்ந்திருக்கின்றன என்றார். பிறகு நாயைத் தராசில் ஏற்றச் சொன்னார். ஏற்றுவதற்கு மூன்று பேர் வேண்டியிருந்தது. முள் போய் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாரும்மா சாப்பாடு போடுறது?"

"நான்தான் சார்."

"நல்லா சமைப்பீங்க போல. இந்த ஒடம்புக்கு இருக்க வேண்டிய எடைக்குப் பாதி மேல ஜாஸ்தியா சொமக்குறான். ஆரோக்கியமான காலே தாங்காது. சாப்பாட்டப் பாதியாக் கொறைங்க. வலி மருந்துல பாதி வேல அதுவே செஞ்சிடும்."

ஆரோக்கியம்மாளுக்கு அது ஊசியைவிட வலித்தது. "தெம்புக்குப் போட்டேன் சார்" என்றாள்.

"தெரியும்மா. எல்லாரும் அதுக்குத்தான் போடுறாங்க" என்று சொல்லிவிட்டு, மனுஷ மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். அவள் ஒன்று கொடுத்ததைச் சொன்னாள். அவர் முகம் மாறியது. "ஒன்னோட நிறுத்துனது நல்லதாப் போச்சி. நமக்கு ஆவுற வலி மாத்திர அதுங்களுக்குக் குடலப் புண்ணாக்கிடும், கிட்னியக் கெடுத்துடும். இனிமே நான் எழுதிக் குடுக்கறதத் தவிர எதுவும் வேணாம்." சிமெண்டுத் தரையில் படுக்கவிட வேண்டாம், கோணியை இரண்டாக மடித்துப் போடுங்கள் என்றார். காலையில் வெதுவெதுப்பாக ஒத்தடம், வழுக்காமல் இருக்க நகத்தை வெட்டிவிடுவது, தினமும் கொஞ்ச தூரம் மெதுவாக நடத்திக் கூட்டிப்போவது என்று சொன்னார். ஒரேயடியாகப் படுக்கப் போட்டால் மூட்டு பூட்டிக்கொள்ளும் என்றும் சொன்னார். "வயசான மூட்டு திரும்பப் புதுசாவாது. ஆனா வலியக் கைக்குள்ள வெச்சிக்கலாம். இன்னும் கொஞ்ச வருசம் சௌக்கியமா இருப்பான்."

பிறகு ஊசியை எடுத்தார். விவரம் எல்லாம் தெரிந்த பிறகும் ஆரோக்கியம்மாளுக்குப் பயம் போகவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நாயின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். வாய்க்குள் ஜெபம் ஓடியது. அவள் திறந்து பார்த்தபோது டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது வெயில் தாழட்டும் என்று வேன் கொஞ்ச நேரம் பிரிசில்லா வீட்டு வாசலில் நிழலில் நின்றது. எல்லாரும் சாப்பிட்டார்கள். கடலூரை நோக்கிக் கிளம்பினார்கள். புதுச்சத்திரம் நெருங்கும்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. வேன் பள்ளத்தில் விழுந்து எழுந்தது. நாய் முனகவில்லை. இன்னொரு பள்ளம். முனகவில்லை. குனிந்து பார்த்தாள். கலெக்டர் பக்கவாட்டில் சாய்ந்து காலை நீட்டிக் கிடந்தது. பின்கால் நடுங்கவில்லை. உடம்பு முழுக்கத் தளர்ந்து, துவைத்துப் போட்ட துணி மாதிரி கிடந்தது. "கலெக்டரு" என்றாள் மெதுவாக. காதுகூட அசையவில்லை.

தூங்குற மாதிரியே போயிட்டான் என்று சபாபதி சொன்னது நினைவுக்கு வந்தது. முன்சீட்டில் பிரிசில்லா புருஷனிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னை ஏமாற்றிவிட்டார்களா? பெற்ற மகள் அப்படிச் செய்வாளா? செய்ய மாட்டாள் என்று தெரிந்தது. தெரிந்தும் கேட்க வாய் வரவில்லை. வேன் ஒரு டீக்கடை வாசலில் நின்றது. இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள். அவள் நாயின் மூக்கருகே கையைக் கொண்டுபோனாள். வெயில் காற்றில் மூச்சு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. கையை எடுத்து, மடியில் இருந்த டப்பாவைத் திறந்து, முட்டையை எடுத்து, அதன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

மூக்கு நுனி அசைந்தது. பிறகு மீசை. பிறகு ஒரு கண் மட்டும் பாதி திறந்து அவளைப் பார்த்தது. தலையைத் தூக்கக்கூட இல்லை. வாயை மட்டும் ஒரு பக்கமாகத் திறந்து முட்டையை வாங்கி, மென்று, விழுங்கி, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பவும் தூங்கிப்போனது. குறட்டைகூட வந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வலி இல்லாமல் அது தூங்கி அவள் பார்த்தே மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அதனால்தான் தூக்கம் சாவு மாதிரி தெரிந்திருக்கிறது. டீ கிளாசோடு வந்த பிரிசில்லா, அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"என்னாம்மா ஆச்சி?"

"முட்ட தின்னுட்டான்டி."

"டாக்டர் சொல்லி இன்னும் முழுசா ஒரு நாள் ஆவல."

"நாளையிலேர்ந்து" என்றாள் ஆரோக்கியம்மாள்.

சொன்னபடியே மறுநாளிலிருந்து கரண்டியைக் குறைத்தாள். அது அவள் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை. பாதிச் சோறு போட்டுவிட்டு, தட்டை நக்கி முடித்த நாய் நிமிர்ந்து பார்க்கும்போது, பார்க்காத மாதிரி அடுப்படிக்குள் போய்விடுவாள். தெருவில் ஆளுக்கொரு பிஸ்கட் போடுகிற வழக்கத்தை நிறுத்த, வீடு வீடாகப் போய், "கலெக்டருக்கு யாரும் லஞ்சம் குடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தாள். சபாபதி ஒரு பழைய பலகையைச் சாய்த்து வாசல் படிக்குச் சறுக்குப் பாதை போட்டுக்கொடுத்தார். காலையில் ஒரே வெந்நீரில் துணியை நனைத்து முதலில் நாயின் இடுப்புக்கு ஒத்தடம், பிறகு அவள் முட்டிக்கு. இரண்டு பேரும் மெதுவாகத் தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தார்கள். பங்குனி முடிவதற்குள் மணிக்கூண்டுவரை போனார்கள். மீன்காரர்கள் பழையபடி கூடையை நகர்த்தி வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பிரிசில்லா கேட்டால், "ஓடுறதெல்லாம் இல்ல. நடக்குறான். நல்லாத் தூங்குறான்" என்று உள்ளதைச் சொன்னாள். உள்ளதைச் சொல்வது எவ்வளவு சுகம் என்று அவளுக்கு இருந்தது.

சித்திரையில் டாக்டரிடம் திரும்பக் கூட்டிப்போனார்கள். கலெக்டர் வேனிலிருந்து தானே இறங்கியது. தராசில் ஏற்ற ஒரு ஆளே போதுமாக இருந்தது. முள்ளைப் பார்த்த டாக்டர் ஆரோக்கியம்மாளைப் பார்த்துச் சிரித்தார். காலை நீட்டி மடக்கிப் பார்த்தார். நாய் அவர் கையை நக்கியது.

"ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்கம்மா. மாத்திரையவே தொடருங்க, போதும். இப்போதைக்கி ஊசி வேணாம்."

பிரிசில்லா நாயை அழைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அன்புமணி வேன் கதவைத் திறந்தான். ஆரோக்கியம்மாள் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மடியில் கையைக் கட்டிக்கொண்டு டாக்டரைப் பார்த்தாள்.

"வந்தது வந்துட்டோம். ஒன்னு போட்டுடுங்களேன், சார்."